ஒரு கோடு வரைய இத்தனை எண்களா?

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்கு இணையத்தில் வழி கேட்டால், வரைபடத்தின் மேல் ஒரு நீலக் கோடு வளைந்து நெளிந்து ஓடும். அது தனிப் படமாக வருவதில்லை. பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் நூற்றுக்கணக்கில் சர்வரில் இருந்து வருகின்றன. பிரௌசர் அவற்றைப் புள்ளிகளாக வைத்து இணைக்கிறது.

இந்த எண்களை அனுப்புவதில் எங்கள் தொழிலில் உள்ள சிலர் காட்டும் அலட்சியம் எனக்குப் பிடிப்பதில்லை. தசமப் புள்ளிக்குப் பின் 14 இலக்கங்களை அப்படியே தள்ளிவிடுகிறார்கள். ஐந்தாவது இலக்கமே தரையில் சுமார் 1 மீட்டர்தான். அதற்கு மேல் அனுப்புவது சாலையில் கிடக்கும் கூழாங்கல்லுக்கு முகவரி எழுதுவது மாதிரி. டேட்டா செலவோ உங்களுடையது.

2005-ல் அறிமுகமான கூகுள் மேப்ஸ் கையாளும் முறை புத்திசாலித்தனமானது. முதல் புள்ளி மட்டும் முழுதாக வரும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு, முந்தைய புள்ளியில் இருந்து எவ்வளவு நகர்ந்தது என்ற வித்தியாசம் மட்டுமே. அது சின்ன எண் என்பதால் ஓரிரு எழுத்துகளில் அடங்கிவிடும். ஐந்து இலக்கங்களோடு சாதாரணமாக எழுதினால், காற்புள்ளிகளையும் சேர்த்து ஒரு புள்ளிக்கு 18 எழுத்துகள் ஆகும். இந்த முறையில், புள்ளிகளுக்கு இடையே 500 மீட்டருக்குள் இருந்தால் 4 எழுத்துகள் போதும். 5,000 புள்ளிகளுக்கு 90,000 எழுத்துகள் எங்கே, சுமார் 20,000 எங்கே!

"சர்வரே ஜிப் செய்துதானே அனுப்புகிறது?" என்று நண்பர்கள் வாதிடுவார்கள். வழியில் சுருங்கும், சரி. விரித்த பிறகு அத்தனை புள்ளிகளையும் உங்கள் கம்ப்யூட்டர்தானே வரைய வேண்டும்? எனவே புள்ளிகளையே குறைக்க வேண்டும். டக்ளஸ், பியூக்கர் என்ற இருவர் 1973-ல் வெளியிட்ட முறை இதற்கு உதவும். கோட்டின் இரு முனைகளையும் நேராக இணைத்துப் பார்க்க வேண்டும். அதில் இருந்து அதிகம் விலகிய புள்ளியும் நாம் வைத்த அளவுக்குள் இருந்தால், இடையில் உள்ளவற்றை நீக்கிவிடலாம். இல்லாவிட்டால் அந்தப் புள்ளியில் கோட்டை இரண்டாகப் பிரித்து மீண்டும் அதையே செய்ய வேண்டும்.

எவ்வளவு குறைப்பது என்பதில்தான் சிக்கல். தமிழ்நாடு முழுவதும் திரையில் தெரியும்போது ஒரு பிக்ஸல் என்பது சுமார் 1 கிலோமீட்டர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் சில பிக்ஸல்களில் அடங்கிவிடும். அப்போது அவற்றை அனுப்புவது வீண். ஆனால் பெரிதாக்கும்போதும் அதே சுருக்கிய கோட்டைக் காட்டினால், வண்டி பள்ளத்தாக்கின் மேல் பறக்கும்! அந்தப் பகுதிக்கு மட்டும் கூடுதல் புள்ளிகளை அப்போது அனுப்புவதே முறை. புரோகிராமருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலைதான். அதைச் செய்யாமல் உங்கள் இணைய வேகத்தின் மேல் பழி போடுவது நியாயமாகப் படவில்லை.

கம்ப்யூட்டரில் எஃப்12 கீயை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வழியைத் தேடிப் பாருங்கள். எத்தனை கிலோபைட் வந்தது என்று ஒவ்வொரு வரியிலும் தெரியும்.