கடிகாரத்துக்குக் கணக்குத் தெரியாது

சென்ற இதழில் நண்பர் எழுதியதைப் படித்தேன். வெர்டியின் ‘லா ட்ராவியாட்டா’ ஆப்பராவை வில்லி டெக்கர் 2005இல் ஸால்ஸ்பர்க் விழாவில் மேடையேற்றினார். அதன் பதிவைப் பார்த்துவிட்டு நான் இங்கே எழுதிய குறிப்புக்குத்தான் அவருடைய பதில். மூன்று குற்றச்சாட்டுகள். மேடையைக் காலிசெய்து ஒரு வெள்ளைச் சுவரை நிறுத்துவது மூலத்துக்குச் செய்யும் துரோகம். அதன்முன் ஒரு ராட்சதக் கடிகாரத்தை வைப்பது பள்ளிக்கூடக் குறியீடு. நான் அதைக் ‘காலத்தைக் கடந்த’ மேடையேற்றம் என்று புகழ்ந்தது வெற்று வார்த்தை. முதல் குற்றச்சாட்டு அறியாமை. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது முழுக்கச் சரி. ஆனால் அது ஏன் சரி என்பது நண்பருக்கே தெரிந்திருப்பதாகப் படவில்லை.

முதலில் துரோகம். நண்பர் மூலம் என்று நினைத்துக்கொண்டிருப்பது எதை? சரவிளக்குகள், வெல்வெட் திண்டுகள், தரையைப் பெருக்கிக்கொண்டு போகும் பாவாடைகள். ஸெஃபிரெல்லி 1982இல் எடுத்த படத்தை உதாரணம் காட்டுகிறார். அந்தப் படத்தில் தெரேஸா ஸ்ட்ராடஸின் முகத்தை நானும் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சரவிளக்குகளை வெர்டியின் பெயருக்குப் பட்டா எழுதிக் கொடுக்கும்போதுதான் தகராறு.

நடந்தது இது. மாரி துப்ளெஸி என்ற பாரிஸ் கணிகை 1847இல், தன் 23ஆம் வயதில், க்ஷயரோகத்தில் இறந்தாள். அவளோடு பழகியிருந்த இளைய டூமா மறு வருஷமே நாவல் எழுதினார். 1852இல் அது நாடகமாயிற்று. 1853 மார்ச் 6 அன்று வெனிஸ் நகரின் ஃபெனிசே அரங்கில் வெர்டியின் ஆப்பரா. அவள் செத்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. இது இந்தக் காலத்து விஷயம் என்று அந்த வருஷம் ஜனவரி முதல் தேதி ஒரு நண்பருக்கு வெர்டி கடிதம் எழுதினார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் போட்டிருக்கும் அதே உடுப்பில் பாடகர்கள் மேடையில் நிற்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அது நடக்கவில்லை. கதை ஏறத்தாழ 1700க்குத் தள்ளப்பட்டது. வெர்டி விரும்பிய உடுப்பில் இந்த ஆப்பரா மேடையேற 1880கள் ஆயிற்று. அதற்குள் அந்த உடுப்பே பழங்காலத்து உடுப்பாகிவிட்டது. ஆக, நண்பர் ‘மரபு’ என்று கும்பிடுவது, நேரத்துக்கு மறுக்கப்பட்டு, காரம் போனபின் கொடுக்கப்பட்ட ஒன்றை. இதில் துரோகம் செய்தவர் யார்?

வெர்டிக்கு இது புத்தகத்தில் படித்த விவகாரம் மட்டுமில்லை. அவருடைய ஆரம்பகால ஆப்பராவில் பாடிய ஜுஸெப்பினா ஸ்ட்ரெப்போனி, கல்யாணமாகாமலே குழந்தைகள் பெற்றவர், 1849இலிருந்து அவரோடு புஸெட்டோவில் வாழ்ந்தார். ஊர் பேசியது. வெர்டியை ஆளாக்கியவரும் இறந்துபோன முதல் மனைவியின் தகப்பனாருமான பாரெட்ஸியே வருத்தப்பட்டார். தன் வீட்டுக்குள் நடப்பதற்கு யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை என்ற தொனியில் 1852 ஜனவரியில் வெர்டி அவருக்குப் பதில் எழுதினார். கல்யாணம் நடந்தது 1859இல்தான். ஸ்ட்ரெப்போனிதான் வியோலெத்தா என்று நான் சொல்லவரவில்லை. அது சோம்பேறி விமர்சனம். ஆனால் மரியாதைப்பட்ட ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்று கணக்குக் கேட்பது எப்படியிருக்கும் என்று இந்த இசையை எழுதியவருக்குத் தெரியும்.

கணக்கு என்ற வார்த்தையைத் தெரிந்துதான் போடுகிறேன். வங்கியில் பணம் எண்ணிப் பிழைக்கிறவன் நான். அந்தக் குறையோடுதான் எதையும் பார்க்கிறேன். காதல், காதல் என்று சொல்லியே நாம் கவனிக்கத் தவறுவது, இந்த ஆப்பராவின் நடுவில் ஒரு பேரேடு விரிந்து கிடப்பதை. மூன்று மாதமாக வியோலெத்தாவும் ஆல்ஃப்ரெடோவும் கிராமத்து வீட்டில் இருக்கிறார்கள். செலவு யாருடையது என்று காதலன் கேட்டதே இல்லை. அவளுடைய குதிரைகளையும் வண்டிகளையும் விற்க வேலைக்காரி அன்னினா பாரிஸ் போய்வந்த பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிகிறது. இன்னும் 1000 லூயி வேண்டும். பிறகு அவன் தகப்பனார் ஜெர்மோன் வருகிறார். மகனைச் சுரண்டுகிறவள் என்ற நினைப்போடு வந்தவரிடம், தன் உடைமைகளை விற்கும் பத்திரத்தை அவள் எடுத்துக் காட்டுகிறாள். பார்த்தபின்னும் அவர் எழுந்து போவதில்லை; வேறு பக்கத்தைப் புரட்டுகிறார். மகளுக்குச் சம்பந்தம் ஏற்பாடாகியிருக்கிறது, இவள் விலகாவிட்டால் அது முறிந்துவிடும். அவள் விலகுகிறாள். அடுத்த காட்சியில் ஆல்ஃப்ரெடோ சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை, கூட்டத்தைச் சாட்சி வைத்து, பாக்கி தீர்ந்தது என்று அவள் முன் வீசுகிறான். சாகப்போகிற காலையில் அவள் கேட்பது, மிச்சம் எவ்வளவு என்று. 20 லூயி. அதில் பத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறாள். இதெல்லாம் பியாவே எழுதிய பிரதியிலேயே இருக்கிறது. என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை.

1700 என்ற தேதி செய்த வேலை இப்போது புரியும். அரங்கிலிருந்த கனவானின் சட்டைப்பையில் கிடக்கும் பணம் மேடையில் பாட்டன் காலத்துப் பணமாகிவிடுகிறது. அதன்பின் அவர் தாராளமாக அழலாம். அழுதுவிட்டு, தன் மகளின் சம்பந்தம் பேச வீட்டுக்குப் போகலாம்.

டெக்கரின் மேடை இந்த வசதியைப் பறிக்கிறது. கோரஸ் முழுவதும், பெண் பாடகர்கள் உட்பட, கறுப்புக் கோட்டு சூட்டில். அன்னா நெட்ரெப்கோ சிவப்பு உடையில் தனியாக. அந்தக் கூட்டத்தின் உடுப்புக்கும் ஸால்ஸ்பர்க் விழாவுக்கு டிக்கெட் வாங்கி வந்திருந்தவர்களின் உடுப்புக்கும் அதிக வித்தியாசமில்லை. வெர்டி கேட்டது இதைத்தான்; 152 வருஷம் கழித்துக் கிடைத்தது. கிராமத்து வீட்டில் சோபாக்களுக்குப் பூப்போட்ட துணி போர்த்தியிருக்கிறது. அந்த சந்தோஷம் ஓர் உறை, உருவினால் வந்துவிடும். பணத்தை வீசும் இடத்தில் ரொலாண்டோ வில்லாஸோன் வீசுவதோடு நிற்கவில்லை. நோட்டுகளை அவள்மேல் திணிக்கிறான். பார்க்கக் கூசுகிறது. கூசவேண்டும். சரவிளக்கின் கீழ் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்தும் எனக்குக் கூசியதில்லை.

இனி கடிகாரம். கடைசி அங்கத்தில் சில வரிகளே பாடும் கிரென்வில் டாக்டர், இங்கே முன்னிசை தொடங்கும்போதே கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கிறார். அவரே மரணம். கதை நெடுகப் பார்த்துக்கொண்டேயிருக்கிறார். என்னுடைய குறிப்பில் நான் சொக்கிப்போனது இதில்தான். இன்று யோசிக்கும்போது வெட்கமாக இருக்கிறது. எப்படியும் சாகப்போகிறவள் என்று முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிட்டால், நடுவில் வந்துபோன ஜெர்மோன் செய்தது என்ன? விதி உள்ளே வந்தால் ஜெர்மோனுக்கு ஜாமீன் கிடைத்துவிடுகிறது. 1700 செய்த வேலையை ‘எக்காலமும்’ செய்கிறது. ஒன்று கதையைப் பாட்டனிடம் தள்ளியது. மற்றது மனித குலத்திடம் தள்ளுகிறது. இரண்டிலும் உட்கார்ந்திருப்பவனுக்குப் பங்கில்லை.

வெர்டியே முன்னிசையை மரணத்தில்தானே தொடங்குகிறார் என்று நண்பர் கேட்கலாம். உண்மை. உச்ச ஸ்தாயியில் வயலின்கள் இழையும் அந்த இசைதான் கடைசி அங்கத்தில் நோயாளியின் அறையில் திரும்பி வருகிறது. ஆனால் முன்னிசை அதோடு முடியவில்லை. உடனே தொடர்வது, இரண்டாம் அங்கத்தில் ஜெர்மோனுக்கு வாக்குக் கொடுத்தபின் ஆல்ஃப்ரெடோவிடம் விடைபெறும்போது அவள் வெடித்துப் பாடும் மெட்டு. நோயின் பக்கத்திலேயே பிரிவை, பிரித்தவர்கள் உண்டு என்பதை, வெர்டி வைத்துவிட்டார். டெக்கர் முதல் பாதிக்கு மட்டும் உருவம் கொடுத்திருக்கிறார். கடிகாரத்துக்கு நோய் தெரியும்; கணக்குத் தெரியாது.

ஒரே ஓர் இடத்தில் தெரிகிறது. சூதாட்டக் காட்சியில் அதே கடிகாரம் படுக்கவைக்கப்பட்டு மேஜையாகிறது. கறுப்புக் கோட்டுகள் சுற்றி நின்று அதன்மேல் ஆடுகின்றன. அவளுக்கு மிச்சமிருக்கும் நேரமும் அவர்களுடைய பணமும் ஒரே வட்டத்தில். டெக்கர் முழுக்க வென்ற நிமிஷம் அது. குறியீடு நிமிர்ந்து நிற்கும்வரை போதனை. படுத்து மேஜையான பிறகே அதற்கு வேலை கிடைத்தது. நண்பரின் இரண்டாவது குற்றச்சாட்டைப் ‘பாதி சரி’ என்றது இதனால்.

மிஞ்சியது என் வார்த்தை. காலத்தைக் கடந்த, சாசுவதமான, என்றென்றைக்குமான - இந்தச் சிறிய வட்டத்துக்குள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொள்ளும்போது நாம் எடுக்கும் வார்த்தைகள். நானும் எடுத்தேன். ஒரு படைப்பு என்னைப் பார்த்து எதையோ கேட்டது; பதில் சொல்லப் பயந்து, அதைத் தூக்கிச் சாசுவதத்தில் உட்காரவைத்தேன். கும்பிடுகிறவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நண்பர் 1700இல் ஒளிந்துகொண்டார், நான் என்றென்றைக்கும் ஒளிந்துகொண்டேன். என்னுடையதுதான் அதிக சாமர்த்தியமானது. ஆகவே அதிக மோசமானது. அந்தக் குறிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதட்டும். சரவிளக்கைப் பற்றியும் வேண்டாம், கடிகாரத்தைப் பற்றியும் வேண்டாம். அந்த 1000 லூயியை யார் கொடுத்திருக்கவேண்டும் என்று எழுதட்டும்.