அழுகை ஓய்ந்தால் ஆறுதலா?

நோயுற்ற குழந்தையின் உடல் வெப்பத்தைச் செவிலியர் அளந்து எழுதுகிறார்; நோயின் போக்கை மருத்துவர் கணிக்கிறார். ஆனால் அதன் நெஞ்சில் எழும் அச்சத்தை அளப்பவர் யார்? இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் விடை காணப் புகுந்த வரலாறு பெற்றோராகிய நாம் அறிய வேண்டியதொன்று.

1950-ஆம் ஆண்டையொட்டிய இங்கிலாந்தில், குழந்தையை மருத்துவமனையில் சேர்த்த தாய் அதனுடன் தங்க இயலாது. சில இடங்களில் ஞாயிறன்று இரண்டு மணி நேரமே பார்வையாளருக்கு இசைவு. தாய் வந்து போனால் குழந்தை அழும். வராதிருந்தால் சில நாட்களில் அடங்கிவிடும். ஆகவே வராதிருப்பதே நலம் என்று நல்லெண்ணத்துடனேயே பலர் கருதினர்.

இக்கருத்தை அசைத்தவர், இலண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன். 1952-இல் அவர் ஒரு படம் வெளியிட்டார். இரண்டு வயதும் ஐந்து மாதமும் நிரம்பிய லாரா என்னும் சிறுமி, அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்ததை அது காட்டியது. அவள் ஓயாது கதறவில்லை. அழுகையை விழுங்கிக்கொள்ளவே முயன்றாள். நாள் செல்லச் செல்ல, பார்க்க வந்த தாயிடமும் ஒதுங்கி நின்றாள். பிரிவுற்ற குழந்தை முதலில் எதிர்க்கிறது, பின்பு நம்பிக்கை இழக்கிறது, இறுதியில் பற்றையே விலக்கிக்கொள்கிறது என்றார் ராபர்ட்சன். அடங்கியது துயரமன்று, நம்பிக்கையே! படத்தைக் கண்ட மருத்துவர் சிலர் சினந்தனர். எனினும் 1959-இல் அந்நாட்டில் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வழிவிட வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

இத்தகைய விழிப்பு பரவிய காலத்திலேயே, குழந்தை மருத்துவத்தில் உளநூல் வல்லுநருக்கும் தனியிடம் உருவாயிற்று. அமெரிக்காவில் 1968-இல் அவர்கள் தமக்கெனச் சங்கம் கண்டனர். இவர்கள் ஆற்றும் பணி யாது? நாளை நடக்கவிருப்பதைப் பொம்மையின் துணைகொண்டு குழந்தைக்கு விளக்குகின்றனர். ஊசி போடும்போது சோப்புக் குமிழிகளை ஊதச் செய்து, மூச்சைச் சீராக்கி, கருத்தை வேறுபக்கம் திருப்புகின்றனர். நீரிழிவு போன்ற நெடுநோயுடன் வாழும் சிறுவன் மருந்தை வெறுத்து ஒதுக்கினால், அவ்வெறுப்பின் காரணத்தைத் தேடுகின்றனர். அடம் என்று நாம் எண்ணுவது பலவேளை அச்சமே.

வலியைச் சொல்லத் தெரியாத சிறுவருக்கு, 1983-இல் அமெரிக்காவில் டானா வாங், கானி பேக்கர் என்னும் இரு பெண்மணிகள் ஆறு முகங்கள் கொண்ட அளவுகோலை உருவாக்கித் தந்தனர். சிரிக்கும் முகம் முதல் கண்ணீர் வடிக்கும் முகம் வரை உள்ளவற்றுள் ஒன்றைக் குழந்தை தொட்டுக் காட்டினால் போதும். அதன் வலி நமக்குப் புலனாகும். உளநூல் வல்லுநர் மட்டுமன்றி, மருத்துவரும் செவிலியரும் இன்று இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இனி, நம் இல்லங்களுக்கு வருவோம். உணவு உண்ண மறுக்கும் பிள்ளையிடம், “டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்கிறோம். ஊசி போடும் நாளிலோ, “வலிக்கவே வலிக்காது” என்கிறோம். முன்னது மருத்துவரைப் பகைவராக்குகிறது. பின்னது நம்மையே பொய்யராக்குகிறது. சொல் பேச்சுக் கேளாததால் கடவுள் தந்த தண்டனை என நோயைப் பற்றிக் கூறுவது இவற்றினும் கொடிது. தம் தவறே நோயாக வந்ததென்று சிறுவர் பலர் தாமாகவே எண்ணி மருகுவதுண்டு. அந்தப் புண்ணில் நாமும் கோலிடலாமா?

“எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும், அழவேண்டுமானால் அழலாம், நான் உன் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பேன்” என்று உள்ளதை உள்ளபடி சொல்வோம். வெளியே செல்ல நேர்ந்தால், கண்ணயர்ந்த வேளை பார்த்து நழுவாமல், சொல்லிச் செல்வோம். சொன்ன நேரத்தில் திரும்புவோம். உளநூல் வல்லுநர் இல்லாத மருத்துவமனையிலும் இவற்றைச் செய்யப் பெற்றோரால் இயலும்.

அன்புப் பெற்றோரே, நம்மை நம்பி அழும் குழந்தை இன்னும் நம்மிடம் பேசிக்கொண்டிருக்கிறது. அவ்வழுகையை அடக்க விரையாமல், அது சொல்வதைக் கேட்க அமர்வோமாக.