மோதுகிறவன் முட்டாள் என்னும் சௌகரியம்

தாழ்வான பாலங்களில் லாரிகள் மோதுவதற்குக் காரணம், ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கைப் பலகை புரியாததுதான் என்று ஒரு கட்டுரையாளர் தீர்ப்பெழுதியிருக்கிறார். சாட்சியாக அவர் இழுத்து வந்திருப்பது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டர்ஹம் நகரின் கிரெக்சன் தெருவில் நிற்கும் ரயில் பாலத்தை. அந்தச் சாட்சி பேசுவதோ அவருடைய கட்சிக்கு எதிராக.

1940இல் கட்டிய அந்தப் பாலத்தின் அடியில் இருந்த உயரம் 11 அடி 8 அங்குலம். அங்கே நடக்கும் மோதல்களை 2008 முதல் யூர்கன் ஹென் என்பவர் காமிரா வைத்துப் படம்பிடித்து வருகிறார். கட்டுரையாளர் அவற்றைப் பார்த்துச் சிரித்த அளவுக்குக் கவனித்திருந்தால், கூரை உரிந்து நிற்கும் வண்டிகளில் பல வாடகை டிரக்குகள் என்பது கண்ணில் பட்டிருக்கும். அவ்வகை வண்டியை, மொத்த எடைத்தகுதி 26,000 பவுண்டு வரை, சாதாரணக் கார் உரிமத்தோடே அங்கே ஓட்டலாம். வீடு மாற்றுவதற்காக ஒருநாள் ஸ்டீயரிங் பிடித்தவரின் பிழையைத் தொழில்முறை லாரிக்காரர்கள் தலையில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? அந்த ஒருநாள் ஓட்டுநருக்கும் எழுத்துத் தெரியும், எண் தெரியும். ஆனால் கார் ஓட்டிய காலமெல்லாம் அந்தப் பலகையைப் பொருட்படுத்தாமல் கடந்தவர் அவர், கடந்தது சரியும்கூட. இன்று அது தன்னைத்தான் எச்சரிக்கிறது என்பது உறைக்கவில்லை. இதற்குப் பெயர் அறியாமையா, பழக்கமா?

சரி, தொழில்முறை ஓட்டுநர்களையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் ரயில் பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயில் நடத்திய ஆய்வில், புறப்படுமுன் வண்டியின் உயரத்தை அளப்பதில்லை என்று 43 சதவீத லாரி ஓட்டுநர்கள் ஒப்புக்கொண்டார்கள். பாலத்தின் உயரத்தைப் பலகை சொல்லிவிடும். வண்டியின் உயரத்தை யார் சொல்வது? இரண்டில் ஒன்று தெரியாவிட்டால் ஒப்பிடுவது எப்படி? மூன்று மீட்டருக்கு மேற்பட்ட வண்டியின் உயரத்தை ஓட்டுநர் அறைக்குள் எழுதி வைக்கவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்வது இதனால்தான்.

அடுத்து, பலகையைப் பெரிதாக்கச் சொல்கிறார். புரியாதவனுக்குப் பெரிய எழுத்தில் எழுதினால் புரிந்துவிடுமா? டர்ஹமில் 2016இல் அதற்கும் மேலே போனார்கள். உயரமான வண்டியை உணர்கருவி கண்டதும் சிக்னல் சிவப்பாகும்; 'உயரம் அதிகம், திரும்பவேண்டும்' என்று மின்பலகை ஒளிரும். வண்டி நிற்கும். பிறகு பச்சை விழும். பச்சை விழுந்தால் போகலாம் என்று ஆயுள் முழுக்கக் கற்ற ஓட்டுநர் நேரே போய் மோதுவார். நில் என்றும் போ என்றும் ஒரே முனையில் சொல்கிற ஏற்பாட்டை விட்டுவிட்டு ஓட்டுநரின் மூளையைச் சந்தேகிப்பவரின் மூளையை நாம் என்ன செய்வது?

கடைசியாக, மோதியவரின் உரிமத்தைப் பறிக்கவேண்டுமாம். இங்கேதான் அவர் யாருக்கு வக்காலத்து வாங்குகிறார் என்பது வெளிப்படுகிறது. டர்ஹம் பாலத்துக்கு முன்னால் நிறுத்தப்பட்டிருக்கும் இரும்பு உத்தரம் தண்டவாளத்தைக் காக்கிறது. வண்டியைக் கிழிப்பதும் அதுவே. சாலையைத் தாழ்த்த முடியாது, அடியில் கழிவுநீர்க் குழாய். 2019இல் பாலத்தை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். அதைவிட உயரமான வண்டிகள் பின்னும் வந்து மோதின. ரயில்வே, நகராட்சி, வாடகை நிறுவனம் எதையும் கேட்காதவருக்குக் கூலி ஓட்டுநர்மேல் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தக் கோபம்?

வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள், அதன் உயரத்தை வாடிக்கையாளரின் வாயாலேயே சொல்லவைத்த பிறகு சாவியைக் கொடுக்கட்டும். அதைக் கட்டாயமாக்கிவிட்டு உரிமத்தைப் பற்றிப் பேசலாம்.