சுண்டைக்காயும் சுமைகூலியும்

பிராணி வளர்க்கும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று; ஆயினும் அந்த ஆசை நாயையும் பூனையையும் கிளியையும் கடந்து பல்லி வரையில் வந்து சேர்ந்திருப்பது அண்மைக் காலத்து விசித்திரம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடுத்தரக் குடும்பத்தார் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டியொன்றுக்குள், மஞ்சள் மேனியில் கரும்புள்ளிகள் இறைந்த லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லி படுத்திருப்பதை இன்று யாரும் அதிசயமாக எண்ணுவதில்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் தேசங்களின் வறண்ட கற்பாங்கான நிலங்களுக்குச் சொந்தமான இந்த ஜந்துவை, கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் காட்சிசாலைக்குக் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளித் 1854-ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகுக்கு முதன்முதலாக வர்ணித்துக் கொடுத்தார். நம் வீட்டுச் சுவர்ப் பல்லியைப் போல இதற்கு விரலடியில் ஒட்டும் தகடுகள் இல்லை. ஆனால் கண்ணுக்கு இமை உண்டு. பஞ்ச காலத்துக்கென்று வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலெல்லாம் பொந்தில் உறங்கி, அந்தியில் எழுந்து உலாவும் சாதுவான சுபாவம் உடையதாகையால், ஊர்வனவற்றை வளர்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற பிராணி என்று பெயர் வாங்கிவிட்டது.

அந்த நற்பெயரே அதற்குச் சத்துருவாகவும் வாய்த்திருக்கிறது. பிரிட்டனில் சாதாரண நிறமுள்ள குட்டி ஒன்று சுமார் 40 அல்லது 50 பவுனுக்குக் கிடைக்கிறது. ஊர்வனவற்றின் வைத்தியம் அறிந்த மிருக வைத்தியரிடம் அதை ஒருமுறை காட்டி வருவதற்கும் ஏறக்குறைய அதே தொகை ஆகிவிடுகிறது. ஒரு பொருளைப் பழுது பார்க்கும் கூலி அதன் கிரயத்துக்குச் சமமாகும்போது, பழுது பார்க்காமல் எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவதே லோகாயத புத்தி. அந்தப் புத்தி பொருளை விட்டு உயிரின்மேல் பாயும்போதுதான் விபரீதம் விளைகிறது. ஆகவே, ஆரோக்கியமான பல்லியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதும், அதற்காகும் செலவைக் கணக்கிடுவது எப்படி என்பதும் இரண்டு கேள்விகளல்ல, ஒரே கேள்வி என்பது என் கட்சி.

சந்தையிலே விலை எதற்கு வைக்கப்படுகிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். நிறத்துக்கும் அபூர்வத்துக்குமே விலை; தேக நலத்துக்கு அன்று. வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்து பெருக்கிய நிறபேதங்களில் எனிக்மா என்று ஒன்றுண்டு. அந்த வம்சத்துப் பல்லிகள் பல, நரம்புக் கோளாற்றினால் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பதும், நின்ற இடத்திலேயே வட்டமிடுவதும், இரையின்மேல் பாய்ந்து குறி தவறுவதுமாகக் காலம் தள்ளுகின்றன. லெமன் ஃப்ராஸ்ட் என்ற வெளிர்மஞ்சள் வகையின் கதை இன்னும் பரிதாபகரமானது. அது வெளிவந்த காலத்தில் பெருந்தொகைக்கு விலை போயிற்று. 2021-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவோ, அந்த நிறத்தைத் தரும் மரபணுவைச் சுமக்கும் பல்லிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் தோலில் கட்டிகள் கண்டு அவதிப்படுகின்றன என்று கூறிற்று. அபூர்வத்துக்கு வைத்த விலை காட்டையும் விட்டு வைக்கவில்லை. தென்கிழக்குச் சீனத்தில் கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லியினத்தை 1999-இல் விஞ்ஞானிகள் வர்ணித்து வெளியிட்டதுதான் தாமதம், இறக்குமதி தேசங்களில் பல்லி ஒன்றின் விலை 1,500 முதல் 2,000 டாலர் வரை ஏற, வர்ணனையில் குறித்த அந்த இடத்திலேயே அது அற்றுப்போனதாகக் கருதும் நிலை வந்தது.

பணம் கொடுத்து வாங்கும் இந்த லட்சணங்கள் இப்படியிருக்க, ஆரோக்கியத்தின் லட்சணங்களைக் காண்பதற்குக் காசு வேண்டியதில்லை; பொறுமையாக நின்று பார்க்கும் கண் போதும். வால் கழுத்தளவாவது பருத்திருக்க வேண்டும். குச்சிபோல் மெலிந்த வால், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணியின் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு நம்பத்தக்க மருந்து இல்லை. கண் இரண்டும் முழுதாகத் திறந்து தெளிவாக இருக்க வேண்டும். நடக்கும்போது வயிறு தரையில் உராயாமல் உடல் நான்கு காலிலும் எழும்பி நிற்க வேண்டும். கால் வளைந்தோ தாடை தொய்ந்தோ இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவினால் எலும்பு நோய் பற்றியிருக்கிறது என்று அறியலாம். விரல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவசியம். உரியாமல் நின்றுபோன பழந்தோல் விரல் நுனியில் வளையமாக இறுகி, ரத்த ஓட்டத்தைத் தடுத்து, நாளடைவில் விரலையே உதிர்த்துவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, உயிருள்ள வெட்டுக்கிளி ஒன்றைப் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். நலமுள்ள பல்லி தலையைத் தாழ்த்தி, வால் நுனி மெல்ல நடுங்க, அடிமேல் அடி வைத்து அணுகிச் சட்டென்று கவ்வும். "இப்போதுதான் தின்றது" என்று விற்பவர் மழுப்பினால் வேறொரு நாள் வருவதே விவேகம். பொரித்த தேதியும் எடைக் குறிப்பும் எழுதி வைத்திருக்கும் வளர்ப்பாளரிடம், குஞ்சுப் பருவம் கடந்து நன்றாகத் தின்னப் பழகிய ஒன்றை, காட்டு நிறத்திலேயே வாங்குவது உத்தமம்.

இனிச் செலவுக் கணக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நம் பழமொழி இதற்கென்றே பிறந்தது போலும். கண்ணாடிப் பெட்டி, உஷ்ணம் தரும் விளக்கோ விரிப்போ, அந்த உஷ்ணம் எல்லை மீறாமல் காக்கும் தெர்மோஸ்டாட், இரண்டு வெப்பமானிகள், சூடான மூலையிலும் குளிர்ந்த மூலையிலும் ஈரமான பாசியிட்டும் மூன்று பொந்துகள் என்று அடுக்கிக்கொண்டு போனால், பல்லியின் கிரயத்தைப் போல் நாலைந்து மடங்கு முதல் நாளிலேயே கரைந்துவிடும். இதில் சிக்கனம் செய்ய நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது தெர்மோஸ்டாட்டின்மேல்தான். அதுவோ ஒருபோதும் விலக்கத் தகாதது. சூடான தரை 32 டிகிரி செல்சியஸ் அளவிலும் மறுகோடி 25 அளவிலும் இருந்தால்தான் பல்லிக்கு உண்ட ஆகாரம் செரிக்கும்; கட்டுப்பாடில்லாத விரிப்போ வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். அப்புறம் வெட்டுக்கிளியும் புழுவும், அவற்றின்மேல் தூவும் சுண்ணாம்புச் சத்துப் பொடியும், மின்சாரமும் இருக்கின்றன. மாதம் 10 பவுன் என்று மிகவும் குறைத்தே வைத்துக்கொள்வோம். நன்றாகப் பராமரித்தால் 15 ஆண்டு, சில சமயம் 20 ஆண்டுகூட வாழும் பிராணி இது. 15 ஆண்டுக்கே 1,800 பவுன் ஆகிறது. பத்து வயதுச் சிறுவன் பிறந்தநாளுக்கு வாங்கித் தரச் சொன்ன பல்லி, அவன் கல்லூரி முடித்து உத்தியோகத்துக்குப் போகும் வரையில் இரைக்குக் காத்திருக்கும்.

இந்த உண்மையை ஆங்கிலேயர் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் பிராணி நலச் சட்டம், 16 வயதுக்கு உட்பட்டவர்க்குப் பிராணி விற்பதைத் தடுத்து, பராமரிப்பின் பொறுப்பை உடையவர்மேல் சுமத்துகிறது. இங்கிலாந்தில் 2018-இல் வந்த உரிம விதிகளோ, ஆகாரம், இருப்பிடம் முதலியவற்றோடு ஆயுட்காலத்தையும் வைத்தியத்தையும் பற்றி வாங்குபவருக்கு அறிவிக்க வேண்டும் என்று விற்பவருக்கு விதிக்கின்றன. இது நல்ல ஏற்பாடே. ஆனாலும் ஆயுளை அறிந்தவர் செலவையும் உணர்ந்தார் என்று சொல்வதற்கில்லை. நம் பக்கத்திலோ நிலைமை வேறு. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் திணித்துக் கொணரப்பட்ட அயல்நாட்டு ஜீவன்களைச் சென்னை விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகள் பலமுறை கைப்பற்றியிருக்கிறார்கள். பிறப்புக்கும் இறக்குமதிக்கும் முறையான பத்திரம் இல்லாத பிராணியை எந்த விலைக்கும் வாங்கலாகாது. அதை வாங்குபவர், வழியில் மூச்சுத்திணறிச் செத்த மற்றவற்றின் கிரயத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்.

ஆகையால் பல்லி வளர்க்க விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. முதலில் பெட்டியை வாங்கி, ஒரு வாரம் உஷ்ணத்தை அளந்து நிலைப்படுத்துங்கள். அடுத்து, இரண்டொரு முறை வைத்தியரிடம் போய் வரும் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். கடைசியாகப் பல்லியைத் தேடிப் புறப்படுங்கள். இந்த வரிசையில் இரண்டாவது படிக்கு வசதி இல்லாதவர் மூன்றாவது படியில் கால் வைக்கலாகாது.