தறிக்கூடம் எழுப்புமுன் வானிலைக் கணக்கு

சங்கத்துக்குச் சொந்தக் கட்டிடம் வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறியதும், பெரும்பாலான ஊர்களில் வேறொரு சங்கம் முன்பு கட்டிய கூடத்தின் வரைபடத்தை வாங்கி அப்படியே பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். இதனால் பணமும் காலமும் மிச்சம் என்பது நிர்வாகக் குழுவினர் பலரின் அபிப்பிராயம். ஆய்வின்பொருட்டு ஊர் ஊராகச் செல்லும் எனக்கோ அவ்வாறு தோன்றவில்லை.

கடலோர ஊர் ஒன்றில் நான் கண்ட தறிக்கூடத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நீண்ட சுவர் மேற்கு நோக்கியது. மேலே சிமெண்டுத் தகடு. கோடையில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் அங்கே உட்கார முடிவதில்லை என்று நெசவாளர்கள் கூறினர். நான் சென்றதோ ஐப்பசி மாதம். தறிக்குழிகளில் கணுக்கால் அளவு நீர் நின்றது. தறி நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்பதில்லை.

விசாரித்தபோது, அது கோயமுத்தூர்ப் பக்கத்தில் குறைவின்றிப் பயன்பட்ட வரைபடம் என்று தெரிந்தது. நாகப்பட்டினத்தில் ஓராண்டில் பெய்யும் மழை, கோயமுத்தூரில் பெய்வதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. அங்கே போதுமான அடித்தள உயரம் இங்கே எப்படிப் போதும்?

1875-இல் தொடங்கப்பெற்ற இந்திய வானிலை இலாகா முப்பது ஆண்டுகளின் சராசரியைக் கணித்து வைத்திருக்கிறது. மாதவாரியாக வெப்பம், காற்றின் ஈரப்பதம், மழை, காற்றின் திசை, வேகம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிவிடலாம். பொறியாளர் முதற்கோடு போடுமுன் அத்தாள் அவர் மேசைமீது இருக்கவேண்டும் என்பதே என் வாதம். கூடத்தின் நீளம் எத்திசையில் ஓடவேண்டும், தரை எவ்வளவு உயரவேண்டும், சாரல் எப்பக்கமிருந்து வரும் என்பவையெல்லாம் அந்த முதற்கோட்டிலேயே முடிவாகிவிடுகின்றன. அப்போது மாற்றுவதற்கு ஒரு ரப்பர் துண்டு போதும். பின்னர் மாற்றக் கடப்பாரை வேண்டும்.

வெளிச்சத்தையே எடுத்துக்கொள்வோம். வடக்குச் சன்னலில் வெயில் விழாது என்பது குளிர் நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் விதி. சேலத்திலோ, சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறான். ஆகவே வடக்கிலும் அகன்ற இறவாணம் தேவை. காற்றின் செய்தியும் இத்தகையதே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்று உடலுக்கு இதம்தான். ஆனால் வறண்ட காற்று பாவின்மீது நேரே பட்டால் இழை காய்ந்து அறுகிறது. குழித்தறியில் பாவு தரையையொட்டி ஓடுவதால், காற்றுவழியைச் சற்று உயரத்தில் வைப்பது நலம். இவ்விஷயத்தில் முதிய நெசவாளர் ஒருவரைக் கேட்காமல் எந்தப் பொறியாளரும் சன்னல் வைக்கலாகாது.

விவசாய அன்பர்களின் நெற்கிடங்குக்கும் இது பொருந்தும். ஈரம் நூற்றுக்குப் பதினான்குக்குள் வரக் காயவைத்த நெல்லும், மழைக்காலத்தில் மூட முடியாத காற்றுத்துளைகளால் மீண்டும் ஈரம் ஏற்றுக்கொள்ளும்.

சராசரியை மட்டும் நம்புவதும் தவறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். ஆகையால் அத்தாளில் மிகையான நாட்களின் அளவும் இடம்பெறவேண்டும். வானிலை நிலையம் தொலைவிலிருந்தால், வெள்ளம் எதுவரை வந்தது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வதும் அவசியம்.

அடுத்த பொதுக்குழுவில் கட்டிட மதிப்பீடு வருமானால், அங்கத்தினர்கள் இத்தாளைக் கேட்கலாம். இல்லையென்றால் மதிப்பீட்டை ஒரு கூட்டம் ஒத்திவைக்கலாம். அந்தத் தாமதத்தை என் ஆய்வுக் குறிப்பில் நான் குறையாக எழுதமாட்டேன்.