அனுப்பினேன் என்றால் போதுமா?



சொறிக்கல்முனையிலிருந்து கல்முனை வரை, வெளிநாட்டுக் காசில் அடுப்பெரியும் வீடுகள் பல. வங்கி வேண்டாம், மொனேரோ போன்ற இரகசிய டிஜிட்டல் நாணயத்தில் அனுப்பலாம் என்போரும் இப்போது உண்டு. "அனுப்பிவிட்டேன்" என்பார் ஒருவர். "வரவில்லை" என்பார் மற்றவர். உண்மையை எப்படி அறிவது?

வங்கியென்றால் துண்டு இருக்கும். பிட்கொயின் என்றால் பொதுப் பேரேட்டில் எவரும் பார்க்கலாம். 2014இல் வந்த மொனேரோவிலோ அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றும் மறைந்திருக்கும். ஆனாலும் அத்தாட்சிக்கு வழியுண்டு. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அனுப்பியவரின் கணக்கில் தனிச் சாவியொன்று பதிவாகும். அந்தச் சாவி, கொடுக்கல் இலக்கம், பெறுபவரின் முகவரி ஆகியவற்றைக் கொண்டு எவ்வளவு போனது என்று நடுவர் ஒருவர் சரிபார்க்கலாம். போன் தொலைந்தால் சாவியும் தொலையும். அன்றே கேட்டு வாங்கி வையுங்கள். முகவரி தன்னுடையதே என்று பெறுபவரும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும். கணக்கைத் திறக்கும் 25 சொற்களை மட்டும் எவரிடமும் கொடுக்காதீர்கள். அது அலுமாரிச் சாவியையே ஒப்படைப்பதாகும்.

அத்தாட்சி கிடைத்தாலும், பிழையான முகவரிக்குப் போன காசைத் திருப்பித் தர இங்கே வங்கி முகாமையாளர் இல்லை. இவை சட்டபூர்வ நாணயமல்ல; இவை குறித்து இலங்கை மத்திய வங்கி 2021இலும் 2022இலும் எச்சரித்தது.

கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் பணிக்கிறது. அந்த ஒழுங்கு அனுப்பும் காசுக்கும் நல்லதே. தொகை, திகதி, யாருக்கு, எதற்கு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். சந்தேகம் நுழையாத வீட்டில்தான் பரக்கத் தங்கும்.