மெமோவுக்குப் பதில் மனநலச் சான்றா?

லாக்கப்பில் ஒரு சாவு விழுந்தால், வகுப்பறையில் ஒரு பிள்ளைக்குக் கை ஒடிந்தால், நடுவழியில் ஒரு கிழவியைக் கண்டக்டர் இறக்கிவிட்டால், மறுநாள் டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே தீர்ப்புதான்: "இவங்களுக்கெல்லாம் மனநலப் பரிசோதனை பண்ணித்தான் வேலையில வெக்கணும்." கேட்க நியாயமாக இருக்கிறது. கொஞ்சம் அறிவியல் வாசனையும் அடிக்கிறது. சொல்கிறவரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அரசு ஊழியர்களைப் பற்றி நம்மிடம் புழங்கும் நம்பிக்கைகளில் இதைப் போல ஆபத்தானது வேறில்லை. அடிக்கிறவனைக் காப்பாற்றுவதும் இந்த நம்பிக்கைதான். தட்டிக் கேட்கிறவனை ஒழித்துக்கட்டுவதும் இதே நம்பிக்கைதான்.

முதலில் அடிக்கிறவனை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒன்பது போலீஸார் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஒன்பது பேருக்கும் ஒரே ராத்திரியில் புத்தி பேதலித்துவிட்டதா? ரிமாண்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவச் சான்று கிடைத்தது. ரிமாண்டும் கிடைத்தது. இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். அன்றைக்குத் தகுதிச் சான்று கேட்கப்பட்டது அடிபட்டவர்களுக்கு. அடித்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர்தான் விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார். அவருக்கும் அதே ஸ்டேஷன்தான், அதே பணிச்சுமைதான். பணிச்சுமை மனிதனை மிருகமாக்கும் என்றால் அவரை ஏன் ஆக்கவில்லை?

அம்பாசமுத்திரத்தில் 2023-இல் விசாரணைக்கு வந்தவர்களின் பற்களைப் பிடுங்கியதாக ஓர் இளம் ஐ.பி.எஸ். அதிகாரி மீது புகார் எழுந்தது. நாட்டின் மிகக் கடினமான தேர்வையும் அதன் ஆளுமைத் தேர்வையும் மருத்துவப் பரிசோதனையையும் தாண்டித்தான் ஒருவர் அந்தப் பதவிக்கு வருகிறார். அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். 2024-இல் அந்த சஸ்பென்ஷன் ரத்தானது. இங்கே எந்த இடத்தில் மனநல நிபுணர் இல்லாமல் காரியம் கெட்டது? கேள்வி கேட்கிற மேலதிகாரியும், காலத்தில் முடிகிற விசாரணையும், ஓடுகிற கேமராவும்தான் வேண்டியிருந்தன.

2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தன் மேலதிகாரியையும் மூன்று முஸ்லிம் பயணிகளையும் சுட்டுக் கொன்றதாக வழக்கு. செய்தி வந்த கையோடு அவருடைய மனநிலை பற்றிய பேச்சும் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகப் போய் ஆள் பார்த்துச் சுட்டதாகச் சொல்லப்படும் ஒரு காரியத்தில், வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட நரம்பில் என்ன கோளாறு என்று கேட்பது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அவர் உண்மையிலேயே நோயாளியா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே நோயைச் சொல்வது படைக்கும் அரசுக்கும் கிடைக்கும் முன்ஜாமீன்.

இனி தட்டிக் கேட்கிறவனுக்கு வருவோம். கொரோனா தொடங்கிய 2020 ஏப்ரலில், ஆந்திராவின் நர்சிப்பட்டினம் அரசு மருத்துவமனை மயக்க மருந்து டாக்டர் சுதாகர், என்-95 முகக்கவசம் இல்லை என்று வெளிப்படையாகப் பேசினார். சஸ்பெண்ட் ஆனார். மே மாதம் விசாகப்பட்டினம் சாலையில், மேல்சட்டை இல்லாமல், கைகளைப் பின்னால் கட்டி, போலீஸார் அவரை இழுத்துப் போன காட்சியை நாடே பார்த்தது. குடித்துவிட்டு ரகளை செய்தார் என்றது காவல்துறை. கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அரசு மனநல மருத்துவமனை. உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. மறு ஆண்டு அவர் இறந்துபோனார். அவருக்கு அன்று மனம் கலங்கியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் முகக்கவசம் இருந்தது என்று ஆகிவிடுமா? அந்தக் கேள்வியே பின்னுக்குப் போயிற்று. பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. பைத்தியக்காரப் பட்டத்தின் பயனே அதுதான்.

எல்லையில் தரும் சாப்பாட்டைப் படம் பிடித்துக் காட்டிய எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் தேஜ் பகதூர் யாதவுக்கு 2017 ஜனவரியில் என்ன நடந்தது? கருகிய ரொட்டிக்கும் தண்ணீர்ப் பருப்புக்கும் பதில் வருமுன்பே, அவர் குடிப்பழக்கம் உள்ளவர், ஆரம்ப நாளிலிருந்தே கவுன்சலிங் தேவைப்பட்டவர் என்று படை அறிக்கை விட்டது. ஏப்ரலில் வேலை போயிற்று. கவுன்சலிங் போனவன் தட்டில் விழுந்த பருப்பு மட்டும் கெட்டியாகிவிடுமா?

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. நியூயார்க் போலீஸ்காரர் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட், தன் ஸ்டேஷனில் குற்றக் கணக்கைக் குறைத்துக் காட்டுவதையும், இத்தனை பேரைப் பிடித்தாக வேண்டும் என்று நெருக்குவதையும் ரகசியமாக ஒலிப்பதிவு செய்தார். 2009 அக்டோபர் 31 அன்று மேலதிகாரிகள் அவர் வீட்டுக்கே வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள் மனநலப் பிரிவில் அடைபட்டுக் கிடந்தார். பிறகு போலீஸின் உள்விசாரணையே அவர் சொன்னதில் உண்மை இருப்பதாகக் கண்டது. 2015-இல் நகர நிர்வாகம் 6 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

மேலிடத்திலும் இதே குழப்பம்தான். 2017-இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கர்ணன், சக நீதிபதிகள் மீது ஊழல் புகார் எழுதி, அவமதிப்பு வழக்கில் சிக்கினார். அவருடைய போக்கை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் மே 1 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு மனநலப் பரிசோதனை செய்ய உத்தரவிட்டது, அவர் மறுத்தார், மே 9 அன்று ஆறு மாதச் சிறை விதித்தது. மனநிலை சரியில்லை என்ற சந்தேகம் உண்மையென்றால் சிறை எப்படி நியாயம்? சிறைக்குரிய குற்றமென்றால் பரிசோதனை எதற்கு? ஏழு நீதிபதிகள் அமர்ந்த அமர்விலேயே இந்த இரண்டும் எட்டே நாளில் கலந்துபோகிறது என்றால், ஒரு வட்டார அலுவலகத்தில் என்ன நடக்கும்?

என்ன நடக்கும் என்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் அரசு ஊழியரைத் தண்டிக்க விதிகளுக்குப் பஞ்சமில்லை. சின்னத் தவறுக்கு 17(ஏ), பெரிய தவறுக்கு 17(பி); போலீஸ் என்றால் 3(ஏ), 3(பி). 17(பி) கொடுத்தால் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், ஆவணத்தைக் காட்ட வேண்டும், விசாரணை அதிகாரியைப் போட வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு, விசாரணை இல்லாமல் ஊழியரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது, விதிவிலக்குகள் சிலவே. இதெல்லாம் அதிகாரிக்குத் தலைவலி. 'மனநல மருத்துவரிடம் சான்று பெற்று வந்த பிறகே பணியில் சேர அனுமதிக்கப்படுவார்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் தலைவலி தீர்ந்தது.

அந்த வரியோடு போகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அரசு மருத்துவமனையின் மனநல வெளிநோயாளிப் பிரிவு. வராந்தாவில் நீண்ட வரிசை. கையில் ஒட்டிய கவர். உள்ளே தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கூட அனுப்பப்பட்ட சக ஊழியர் டாக்டரின் மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். "ஆபீஸ்ல ஏன் சண்டை போடறீங்க?" அவர் கோபமாகப் பதில் சொன்னால் கொந்தளிப்பு, அழுதால் மனச்சோர்வு, மௌனமாக இருந்தால் ஒத்துழைக்கவில்லை. சான்றை எதிர்த்துக் குறுக்கு விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. 17(பி)-யில் விடுதலை ஆனவர் தலை நிமிர்ந்து திரும்புவார். இங்கே 'தகுதியானவர்' என்று சான்று வாங்கி வந்தாலும் பெயர் போனது போனதுதான்: "அவரா? பெரியாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தவராச்சே!"

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்றாம் பிரிவில் தெளிவாகவே சொல்கிறது: ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்புகளுக்கோ பணி சார்ந்த மதிப்புகளுக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இப்போது நோயாளி என்பதற்கு ஆதாரமாகாது. 'பணி' என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தவர்களுக்கு அலுவலகங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"அப்படியானால் நிஜமாகவே நோய் உள்ளவன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதா?" என்று கேட்பீர்கள். கூடாது. இதற்கும் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர், கொல்வேன் அல்லது சாவேன் என்ற எண்ணம் தன்னை விடாமல் பிடித்திருப்பதாகச் சொன்னார் என்று ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானார். 2021 டிசம்பரில் நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. ஆயுதம் கையாளாத வேறு பணிக்கு மாற்றிக்கொள்ளலாம், ஊதியத்தில் கை வைக்கக் கூடாது என்றது. அதற்கு அடிப்படை, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4)-ஆவது பிரிவு. துப்பாக்கியும் போயிற்று, சோறும் போகவில்லை.

சரி, ஆண்டுக்கொரு முறை எல்லாருக்கும் வினாத்தாள் கொடுத்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. 'உங்களுக்கு அடிக்கடி கோபம் வருமா?' என்ற கேள்விக்கு எந்தப் போலீஸ்காரர் 'ஆமாம்' என்று எழுதுவார்? மாட்டிக்கொள்வது உதவி தேடுகிறவர்தான். ராத்தூக்கம் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால் பதவி உயர்வு போகும், ஆயுதப் படைக்கு மாற்றல் வரும் என்று தெரிந்த ஏட்டையா சொல்ல மாட்டார், டாஸ்மாக்குக்குப் போவார். பரிசோதனையைத் தண்டனையோடு கட்டிவைத்த நாளிலேயே சிகிச்சைக்குக் கதவடைத்துவிடுகிறோம்.

ஆகவே இரண்டையும் பிரியுங்கள். கை நீட்டியவருக்கு, லஞ்சம் வாங்கியவருக்கு, கடமை தவறியவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் காலக்கெடு உள்ள விசாரணையும் போதும். கிரிமினல் குற்றமென்றால் எஃப்.ஐ.ஆர். நோய்வாய்ப்பட்டவருக்கு விடுப்பும் வைத்தியமும் தகுந்த மாற்றுப்பணியும் கொடுங்கள்; அந்தக் காகிதம் பணிப்பதிவேட்டின் பக்கம் வரக் கூடாது. ஒருவரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டுமென்றால், எந்த வேலையில், எந்த நாளில், என்ன நடந்தது என்று எழுத்தில் காரணம் சொல்லி அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அவர் யார்மீது புகார் சொல்லியிருக்கிறாரோ அந்த அதிகாரி அந்த உத்தரவில் கையெழுத்துப் போடக் கூடாது. புகார் ஏதும் நிலுவையில் இருந்தால் முதலில் அதற்குப் பதில் வர வேண்டும். முகக்கவசம் இருந்ததா, பருப்பு தண்ணீராக இருந்ததா என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல எந்த மனநல மருத்துவரும் தேவையில்லை. ஸ்டாக் ரெஜிஸ்டரைத் திறந்தால் போதும்.